பாட்டிலின் பின்பக்கம்

செக்காலை ரோட்டில், மாடியில் எங்கள் கடை.
ஏசி ஓடும்போது சன்னலைத் திறந்தால்
கரண்டு பில்லை நீட்டுவாள் சிகப்பி அக்கா.
எனவே மூடியே கிடக்கும்.

தை பிறந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஆறு தலை.
கோலாலம்பூரிலிருந்து இறங்கியவர்கள்,
கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்
சுருளை நேராக்கிக்கொள்ள வருகிறவர்கள்.
பிரஷ்ஷில் தொட்டு, வகிடு வகிடாகத் தடவி,
சூடேறிய இரும்பால் இழுக்கும்போது
ஒரு புகை எழும்பும்.
வெங்காயக் கண்ணீர் இல்லை இது.
ஒரு வருஷம் காலேஜில் விலங்கியல் படித்தேன்.
கண்ணாடி ஜாடிக்குள் ஒரு தவளை
கால் மடக்கி மிதந்துகொண்டிருக்கும்.
அந்த அறையின் வாடை.

பாட்டிலின் முன்பக்கம் ஒரு பச்சை இலை.
இலைக்குக் கீழே
'ஃபார்மால்டிஹைடு இல்லை.'
பின்பக்கம் எறும்பைவிடச் சின்ன எழுத்து,
அதன்மேல் விலை ஸ்டிக்கர்.
நகத்தால் சுரண்டினேன்.
பசைதான் வந்தது.

"எரியுதே" என்பார்கள்.
"அப்படித்தான் இருக்கும், மருந்து வேலை செய்யுது."
அக்கா சொல்லிக்கொடுத்த பதில்.
எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எண்ணவில்லை.
அவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை.
எனக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்று, பின் மூன்று.

போன வைகாசியில் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீடு.
உமையாளுக்கு நான் முடி இழுத்துக்கொண்டிருந்தேன்.
முன்கட்டில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர்
சுவரைத் தடவி, அதில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.
கூட்டி வந்த பையன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான்:
சுண்ணாம்பு, வெள்ளை மணல்,
முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர்.
நூறு வருஷத்துச் சுவருக்குள் இருப்பது
ஊருக்கே மனப்பாடம்.
போன மாதம் வந்திறங்கிய பாட்டிலுக்குள் இருப்பது
பூசிக்கொள்கிற பெண்ணுக்கும் தெரியாது,
பூசுகிற எனக்கும்.

செவ்வாய்க்கிழமை, சிவகங்கை பஸ்ஸில் ஆய்வாளர் வந்தார்.
தோளில் ஒரு பை, பைக்குள் அரக்கு.
"எல்லாம் பம்பாய் சரக்கு மேடம், பில் ஆடிட்டர்கிட்ட."
அக்காவின் குரலில் சர்க்கரை.
பாட்டில்கள் ஈரத் துண்டுக் கூடைக்கு அடியில் இருந்தன.
நான்தான் வைத்தேன்.
"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"
"தூக்கம் இல்லை மேடம்."
வாய் என்னுடையது. பதில் என் சம்பளத்தினுடையது.

டீ வாங்கப் போகிற சாக்கில்
குப்பைக்கூடையிலிருந்து ஒரு காலி பாட்டிலை
முந்தானைக்குள் மறைத்து இறங்கினேன்.
படிக்கட்டில் நீட்டினேன்.
"இது செல்லாதும்மா.
நிரம்பினது வேணும், மூடி உடைக்காதது வேணும்,
உங்க அக்கா கையெழுத்து வேணும்."
சொல்லிக்கொண்டே மூடியைத் திருகி முகர்ந்தார்.
அவர் கண்ணும் கலங்கிவிட்டது.
"இதை நான் அறிக்கையில எழுத முடியாது" என்றார்,
கைக்குட்டையைத் தேடியபடி.

டீக்கடையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கி
ஸ்டிக்கரை ஊறவிட்டு உரித்தார்.
மெத்திலீன் கிளைக்கால்.
"தண்ணியில கரைஞ்சா அதுக்கு இந்தப் பேரு.
சூடு பட்டா பழைய பேருக்கே வந்துடும்."
தவளைக்கும் எனக்கும் நடுவில்
ஒரு பெயர் மாற்றம்தான் இருந்திருக்கிறது.

தொகுதி எண்ணை போனில் படமெடுத்துக்கொண்டு
பஸ் ஏறினார். மறுபடி வருவாரா,
வரும்போது கூடை காலியாக இருக்குமா,
தெரியவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது, அக்கா திட்டினாள்.
நாற்காலியில் தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சர்,
மகள் நிச்சயதார்த்தத்துக்கு.
இரும்பு சூடானது. முதல் வகிடு.
"எரியுதேம்மா" என்றார்.

"ஆமா டீச்சர்.
எனக்கும் எரியுது"
என்று சொல்லிவிட்டு
சன்னல் கொக்கியைத் தேடினேன்.
துருப்பிடித்திருந்தது.
இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது.